இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி சுவிட்சைத் திருப்பலாமா?

நங்கூரம் எழுதியது:

வணக்கம். அண்மையில் என் கைக்கு வந்த படகு ஒன்றில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு உள்ளன. ஒன்று இன்ஜினைக் கிளப்புவதற்கு. மற்றொன்று விளக்குகள், வி.எச்.எஃப். ரேடியோ, ஆழம் காட்டும் கருவி, ஜி.பி.எஸ். திரை, குளிர்பெட்டி ஆகியவற்றுக்கு. இரண்டையும் கட்டுப்படுத்துவது ஒரே ஒரு சுழல் சுவிட்ச்தான். அதன் முகப்பில் கீழே ஆஃப், இடப்பக்கம் 1, மேலே போத் (இரண்டும் சேர்ந்து), வலப்பக்கம் 2 என நான்கு நிலைகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அதற்குப் பக்கத்தில், முன்பு படகை வைத்திருந்தவர் ஒட்டியதாக இருக்க வேண்டும், "இன்ஜின் ஓடும்போது இதைத் தொடாதீர்கள்" என்று மங்கிய எழுத்தில் ஒரு சீட்டு உள்ளது.

சீட்டு அப்படிச் சொல்ல, இன்ஜினைப் பார்க்க வந்த மெக்கானிக்கோ, "1இல் வைத்துக் கிளப்புங்கள், ஓடத் தொடங்கியதும் 2க்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது பேட்டரி எப்போதுதான் சார்ஜ் ஆகும்?" என்று கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஓடும்போது திருப்பவே கூடாது என்றால், 1இல் கிளப்பிய இன்ஜின் நாள் முழுக்க 1ஐ மட்டுமே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். போத் நிலையிலேயே விட்டுவிட்டால், இன்ஜினை நிறுத்திய பிறகு குளிர்பெட்டி இரண்டு பேட்டரிகளையும் சேர்த்தே உறிஞ்சிவிடும். மறுநாள் கிளப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இன்ஜின் பழைய வகை டீசல். பம்ப் முழுவதும் மெக்கானிக்கல். இன்ஜினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதன் உள்ளேயே இருக்கிறது. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் தடித்த வயர் ஸ்டார்ட்டர் மோட்டாரின் முனையில் இணைகிறது. அங்கிருந்து ஒரே கேபிள் சுவிட்சின் பொது முனைக்குப் போகிறது. திருப்பினால் உண்மையில் எது கெடும், எந்த வழியில் கெடும், கெடாமல் இருக்க எதைப் பொருத்த வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அடுத்த ஆண்டு இரண்டாவது பேட்டரியை லித்தியமாக மாற்றும் எண்ணமும் உண்டு என்பதால், அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.


திசைமானி எழுதியது:

வணக்கம் நங்கூரம் அவர்களே. சீட்டை ஒட்டியவர் சொன்னதும் மெக்கானிக் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றினாலும், இருவர் பேச்சும் ஒரே விதியிலிருந்து பிறந்தவைதான். ஆல்டர்னேட்டர் மின்சாரம் தந்துகொண்டிருக்கும்போது அது ஒரு நொடியின் சிறு பகுதிகூடப் பேட்டரியில்லாமல் இருக்கக் கூடாது. இந்த விதியை மீறாத எந்தத் திருப்பலும் கெடுதல் செய்யாது. மீறும் திருப்பல், கண் இமைக்கும் நேரமே நீடித்தாலும், கெடுதல் செய்யலாம்.

ஏன் என்பதற்கு ஆல்டர்னேட்டரின் உள்ளே போக வேண்டும். உங்களுடைய 60 ஆம்பியர் இயந்திரத்தில் சுழலும் ரோட்டாருக்குள் ஒரு ஃபீல்டு காயில் இருக்கிறது. அதில் ஓடுவது சில ஆம்பியர் மின்னோட்டம்தான். அந்தச் சில ஆம்பியர் உண்டாக்கும் காந்தப்புலம்தான் வெளியே இருக்கும் ஸ்டேட்டர் சுற்றுகளிலிருந்து 60 ஆம்பியரை எடுத்துத் தருகிறது. ரெகுலேட்டர் செய்வதெல்லாம், வெளிவரும் அழுத்தம் 14.2 அல்லது 14.4 வோல்ட்டில் நிற்கும்படி அந்த ஃபீல்டு மின்னோட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமே. பேட்டரி நிறைய மின்சாரம் கேட்கும் வேளையில் ரெகுலேட்டர் ஃபீல்டைக் கிட்டத்தட்ட முழுமையாகத் திறந்துவிட்டிருக்கும். அந்த வேகத்தில், அந்தக் காந்தப்புலத்தில், சுமையே இல்லாவிட்டால் ஸ்டேட்டரில் எழக்கூடிய அழுத்தம் 14 வோல்ட்டைப் போலப் பல மடங்கு. அதை 14 வோல்ட்டில் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது பேட்டரி வாங்கிக்கொள்ளும் மின்னோட்டம்தான். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் சட்டென்று கையை விட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவார்களே, பேட்டரி துண்டிக்கப்பட்ட கணத்தில் நடப்பது அதுதான்.

ரெகுலேட்டர் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. உடனே ஃபீல்டை மூடும். ஆனால் ஃபீல்டு காயில் என்பது இரும்பு உள்ளகத்தின் மேல் நூற்றுக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய கம்பி. அதில் ஓடும் மின்னோட்டம் நினைத்தவுடன் நின்றுவிடாது, ஒரு நொடியின் பத்தில் சில பங்கு நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கும். அதுவரை அழுத்தம் கட்டுக்கடங்காமல் நிற்கும். வாகன மின்சாதனங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 16750-2 தரநிலை இந்த நிகழ்வுக்கென்றே ஒரு சோதனையை வகுத்திருக்கிறது. பாதுகாப்பு எதுவும் இல்லாத 12 வோல்ட் அமைப்பில் உச்சம் 79 முதல் 101 வோல்ட் வரை, நீடிக்கும் நேரம் 40 முதல் 400 மில்லி நொடி வரை என்று அது எடுத்துக்கொள்கிறது. 24 வோல்ட் அமைப்புக்கு உச்சம் 151 முதல் 202 வோல்ட். சாதாரணத் தீப்பொறி அலையைப் போல மைக்ரோ நொடியில் அடங்கிவிடுவதில்லை என்பதே இதன் கொடுமை. மின்துறையினர் இதை லோட் டம்ப் என்பார்கள்.

முதலில் போவது பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் டையோடுகள், கூடவே ரெகுலேட்டர். ஆனால் உங்கள் இணைப்பில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஆல்டர்னேட்டரின் வயர் ஸ்டார்ட்டர் வழியாகச் சுவிட்சின் பொது முனைக்கு வருகிறது. உங்கள் ரேடியோவுக்கும் திரைக்கும் போகும் வயரும் அதே பொது முனையிலிருந்துதான் கிளம்பும். ஆகவே சுவிட்சை ஆஃப் நிலைக்குக் கொண்டுபோனால் பேட்டரிகள் இரண்டும் விலகிக்கொள்ளும். ஆல்டர்னேட்டரும் மின்னணுக் கருவிகளும் மட்டும் ஒன்றோடொன்று இணைந்தே நிற்கும். எழும் அழுத்தம் முழுவதும் அந்தக் கருவிகளின் மேல்தான் இறங்கும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டோம், கருவிகள் தனிப்பட்டுவிட்டன என்று நினைப்பது இங்கே தவறாகிவிடுகிறது.

இனி, திருப்பும் திசை. உங்கள் சுவிட்சில் 1லிருந்து 2க்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. மேலே போத் வழியாகப் போனால், நல்ல நிலையில் உள்ள கடல் தரச் சுவிட்சில், பழைய பேட்டரியை விடுவதற்கு முன்பே புதிய பேட்டரி இணைந்துவிடும். ஆல்டர்னேட்டர் எந்தக் கணத்திலும் தனித்து நிற்காது. கீழே ஆஃப் வழியாகப் போனால், எவ்வளவு விரைவாகத் திருப்பினாலும், துண்டிப்பு நடந்தே தீரும். மெக்கானிக் நினைத்தது மேல்வழி. சீட்டு ஒட்டியவர் அஞ்சியது கீழ்வழி. இருட்டில், அலையில், அவசரத்தில் கை எந்த வழியில் போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதால், நான் சீட்டின் பக்கமே சாய்வேன்; ஆனால் அதற்குக் காரணம் கைதான், சுவிட்ச் அன்று.


பாய்மரம் எழுதியது:

நண்பர் திசைமானி சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் "நல்ல நிலையில் உள்ள கடல் தரச் சுவிட்சில்" என்று அவர் போகிறபோக்கில் சொன்ன சொற்களைப் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். உங்கள் சுவிட்ச் அப்படிப்பட்டதுதானா என்பது பார்த்தால் தெரியாது. வெளிமுகம் ஒன்றுபோலவே இருக்கும்; உள்ளே சில சுவிட்சுகள் இணைத்துவிட்டுத் துண்டிப்பவை, சில துண்டித்துவிட்டு இணைப்பவை. முதல் வகையாகவே வாங்கியிருந்தாலும், ஆண்டுக்கணக்கில் உப்புக்காற்றில் கிடந்து, தொடுமுனைகள் தேய்ந்து கரிந்திருந்தால், இரண்டாம் வகையைப் போல நடந்துகொள்ளும்.

சோதிக்க எளிய வழி உண்டு. இன்ஜினை நிறுத்திவிடுங்கள். இரண்டு பேட்டரிகளும் ஓரளவு சார்ஜ் உள்ளவையாக இருக்கட்டும். சுவிட்சின் பொது முனையிலிருந்து மின்சாரம் பெறும் ஏதாவது ஒன்றை இயக்குங்கள். பழைய இழை பல்பு வேண்டாம். இழை சூடாக இருப்பதால் சிறு துண்டிப்பு அதில் தெரியாமல் போய்விடும். எல்.இ.டி. விளக்கோ ஜி.பி.எஸ். திரையோ நல்லது. இப்போது சுவிட்சை 1லிருந்து போத் வழியாக 2க்கு, மிக மெதுவாக, விரல் நுனியில் கிளிக் சத்தத்தை உணர்ந்தபடி திருப்புங்கள். பாதி வழியில் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். திரும்பி வரும்போதும் அப்படியே செய்யுங்கள். விளக்கு ஒருமுறை கண்சிமிட்டினாலோ திரை அணைந்து மறுபடி தொடங்கினாலோ, அந்தச் சுவிட்சை இன்ஜின் ஓடும்போது எந்தப் பக்கமும் திருப்பக் கூடாது, மாற்றுவதே வழி. சிமிட்டாவிட்டால் இன்றைக்கு அது நன்றாக இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆல்டர்னேட்டர் நன்றாகச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சுவிட்சின் பொது முனைத் திருகிலும் மறுமுனையைப் பயன்பாட்டிலுள்ள பேட்டரியின் திருகிலும் வைத்து வோல்ட் அளவைப் படியுங்கள். சுவிட்சைத் தொட வேண்டியதில்லை, பின்புறத் திருகுகளைத் தொட்டால் போதும். அளவு மில்லி வோல்ட் கணக்கில் மிகச் சிறிதாகத்தான் இருக்க வேண்டும். வோல்ட்டின் பத்தில் சில பங்கு தெரிந்தாலோ, கை வைத்தால் சுவிட்சின் உடல் சூடாக இருந்தாலோ, உள்ளே தொடுமுனை போய்விட்டது என்று பொருள்.

எனக்குத் தெரிந்து போத் வழியாகத் திருப்பியே காலம் தள்ளியவர்கள் ஏராளம். அவர்களுடைய ஆல்டர்னேட்டர்கள் ஒன்றும் ஆகாமல் ஓடுகின்றன. ஆகவே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனால் விருந்தாளிகள் ஏறும் படகில், "இந்தச் சுவிட்ச் எதற்கு?" என்று ஒருவர் திருகிப் பார்க்கும் படகில், சீட்டு மட்டும் காவல் காக்காது.


நங்கூரம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பாய்மரம் சொன்ன சோதனையைச் செய்தேன், மேல்வழியில் எல்.இ.டி. சிமிட்டவில்லை. சுவிட்சைக் கழற்றிப் பின்புறம் பார்த்தபோது மூன்று பெரிய திருகுகளைத் தவிர இரண்டு சிறிய தட்டை முனைகளும் தெரிந்தன. அவற்றில் எந்த வயரும் இல்லை. இவை எதற்கு? இன்னொரு ஐயம்: சுவிட்சைத் தொடுவதற்கு முன் இன்ஜின் சாவியை ஆஃப் செய்துவிட்டால் ஆல்டர்னேட்டர் நின்றுவிடாதா? டீசல் இன்ஜின் சாவி இல்லாமலும் ஓடிக்கொண்டுதானே இருக்கும். அந்த இடைவெளியில் சுவிட்சைத் திருப்பிவிட்டு மறுபடியும் சாவியைப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.


திசைமானி எழுதியது:

அந்தச் சிறிய முனைகள் ஃபீல்டைத் துண்டிப்பதற்கானவை. சுவிட்ச் ஆஃப் நிலையை நெருங்கும்போது, பெரிய தொடுமுனைகள் விலகுவதற்குச் சற்று முன்பே இந்தச் சிறிய தொடுமுனை திறந்துகொள்ளும். ஆல்டர்னேட்டரின் ஃபீல்டுக்கோ ரெகுலேட்டருக்கோ மின்சாரம் கொண்டுபோகும் வயரை இதன் வழியாக விட்டிருந்தால், பேட்டரி விலகுவதற்கு முன்பே காந்தப்புலம் தளரத் தொடங்கியிருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இது தனி ரெகுலேட்டர் வெளியே பொருத்திய ஆல்டர்னேட்டருக்கே எளிதாகப் பொருந்தும். உங்களுடையதில் ரெகுலேட்டர் உள்ளே இருப்பதால், ஃபீல்டு வயரை வெளியே கொண்டுவர இயந்திரத்தைப் பிரிக்க வேண்டும். அதற்காகச் செலவழிக்கும் உழைப்பை, கீழே நான் சொல்லும் மாற்றத்துக்குச் செலவழிப்பது மேல் என்பது என் கருத்து. தவிர, ஈரமான பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்னஞ்சிறு முனைகள் பச்சை பூத்துவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜே செய்யாது. காரணம் தெரியாமல் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

சாவி விஷயத்தில் கவனமாக இருங்கள். உள் ரெகுலேட்டர் கொண்ட பல ஆல்டர்னேட்டர்களில், சாவி வழியாக எச்சரிக்கை விளக்கைக் கடந்து வரும் சிறு மின்னோட்டம் தொடக்கத்தில் காந்தப்புலத்தை எழுப்புவதற்கு மட்டுமே தேவைப்படுகிறது. சுழன்று உற்பத்தி தொடங்கியதும், உள்ளேயே இருக்கும் மூன்று சிறு டையோடுகள் வழியாக அது தன் ஃபீல்டுக்குத் தானே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அதன்பின் சாவியை ஆஃப் செய்தாலும் இன்ஜின் வேகம் இறங்கும்வரை அது சார்ஜ் செய்துகொண்டே இருக்கும். விளக்கு அணைந்திருப்பதால் ஆல்டர்னேட்டர் ஓய்ந்துவிட்டதாக நமக்குத் தோன்றும். அந்த நம்பிக்கையில் ஆஃப் வழியாகத் திருப்பினால் நேரே அபாயத்தில் போய் விழுவோம். சில வகைகள் சாவியோடு நின்றுவிடும் என்பதும் உண்மைதான். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துக்கொண்டு சாவியை ஆஃப் செய்து, 14 வோல்ட் அப்படியே நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துவிடும். எந்த வகையாயினும் இதை வழக்கமாக்கிக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

என்னைக் கேட்டால், கையைப் பழக்குவதைவிட வயரை மாற்றுவது சிறந்தது. ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றி, சுவிட்சைத் தொடாமல் நேராக இரண்டாவது பேட்டரியின் நேர்முனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். பேட்டரி முனைக்கு மிக அருகில் அதற்கென ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். அதன்பிறகு சுவிட்சை யார் எந்தப் பக்கம் திருப்பினாலும், ஆஃப் நிலையிலேயே விட்டாலும், ஆல்டர்னேட்டருக்குப் பேட்டரி இருந்துகொண்டே இருக்கும். வயர் நீளமாகும் என்பதால் தடிமனைக் கூட்ட வேண்டியிருக்கும். 60 ஆம்பியர் ஓடும்போது 3 சதவீதத்துக்கு மேல் வோல்ட் இழக்காதபடி, போகும் நீளத்தையும் திரும்பும் நீளத்தையும் கூட்டிக் கணக்கிட்டு வாங்குங்கள்.

இன்ஜின் பேட்டரி எப்படிச் சார்ஜ் ஆகும் என்று கேட்பீர்கள். அதற்கு வோல்ட்டை உணர்ந்து இணைக்கும் ரிலே ஒன்றை இரண்டு பேட்டரிகளுக்கும் இடையில் பொருத்த வேண்டும். ஆல்டர்னேட்டர் ஓடி, இரண்டாவது பேட்டரியின் வோல்ட் சுமார் 13.3ஐத் தாண்டியதும் ரிலே இரண்டையும் இணைக்கும். இன்ஜின் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் தானாகப் பிரித்துவிடும். எண்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும். இன்ஜினைக் கிளப்பச் செலவாகும் மின்சாரம் மிகக் குறைவு. சில நிமிடங்களில் ஈடாகிவிடும். ஆகவே முதல் பங்கு இரண்டாவது பேட்டரிக்குப் போவதில் நட்டமில்லை. உங்கள் மெக்கானிக் கேட்ட கேள்விக்கும் இதுவே விடை: திருப்ப வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. சுவிட்ச் அவசரத்துக்கு மட்டும் உதவும்.

இரு பேட்டரிகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் டையோடு பெட்டியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். சாதாரண சிலிக்கான் டையோடு 0.6 முதல் 0.7 வோல்ட் வரை விழுங்கிவிடும். ரெகுலேட்டர் பேட்டரி முனையிலிருந்து வோல்ட்டை அளக்காவிட்டால் இரண்டு பேட்டரிகளுமே அரைகுறையாகத்தான் நிறையும். டையோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் கொண்டு செய்தவற்றில் இந்த இழப்பு மிகக் குறைவு.

மேலதிகக் காவலாக, அழுத்த உயர்வை விழுங்கும் ஒரு சிறு கருவியை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உடலுக்கும் இடையில் மாட்டலாம். இயல்பான வோல்ட்டில் அது ஒன்றும் செய்யாது; வரம்பு தாண்டினால் தானே கடத்தி அழுத்தத்தை அமுக்கிவிடும். ஆனால் ஒரு பெரிய நிகழ்வைத் தாங்கும்போது அதுவே எரிந்துபோகக்கூடும். அப்படிப் போனதை வெளியே காட்டிக்கொள்ளாத வகைகளும் உண்டு. இப்போது வரும் பல ஆல்டர்னேட்டர்களில் ரெக்டிஃபையரே, குறிப்பிட்ட வோல்ட்டைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் கடத்தும் ஜீனர் வகை டையோடுகளால் ஆனது. அவற்றில் உச்சம் 35 வோல்ட் அளவில் அடக்கப்படும். 35 வோல்ட் என்பது டையோடுக்குப் பாதுகாப்பே தவிர, 16 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ஒரு ரேடியோவுக்குப் பாதுகாப்பு ஆகாது.


மின்கலம் எழுதியது:

லித்தியம் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். நங்கூரம் அவர்களே, திசைமானி வரைந்த அதே திட்டத்தை அப்படியே லித்தியத்துக்குப் பயன்படுத்திவிடாதீர்கள். அவர் திட்டம் ஈய அமில பேட்டரிக்கு மிகச் சரி. லித்தியம் பேட்டரியின் உள்ளே பி.எம்.எஸ். என்ற கண்காணிப்புச் சுற்று இருக்கிறது. இரும்பு பாஸ்பேட் வகையில் ஏதேனும் ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டிப் போனாலோ, சூடு வரம்பு மீறினாலோ, உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்ய முயன்றாலோ, அது யாரிடமும் கேட்காமல் பேட்டரியைத் துண்டித்துவிடும். இன்ஜின் ஓடும்போது ஒருவர் சுவிட்சை ஆஃப் செய்ததற்கும் இதற்கும் ஆல்டர்னேட்டரின் பார்வையில் எந்த வேறுபாடும் இல்லை. சுவிட்சுக்காவது சீட்டு ஒட்டலாம்.

அடுத்தது சூடு. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. ஈய அமில பேட்டரி நிறைய நிறையத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்; லித்தியமோ கிட்டத்தட்ட நிறையும்வரை கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும். 60 ஆம்பியர் என்று பட்டை ஒட்டிய சிறு ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் 60 ஆம்பியர் தருவதற்காகச் செய்யப்பட்டதன்று.

ஆகவே லித்தியம் வரும் நாளில் ஆல்டர்னேட்டரின் வயரை இன்ஜினைக் கிளப்பும் ஈய அமில பேட்டரிக்கு, சுவிட்சைத் தவிர்த்து, நேராகக் கொண்டுபோங்கள். அங்கிருந்து, ஒரு பேட்டரியிலிருந்து அளவாக எடுத்து மற்றொன்றைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு மின்சாரம் போகட்டும். 30 ஆம்பியர் சார்ஜர் என்றால் ஆல்டர்னேட்டரிடம் அது கேட்பதும் ஏறக்குறைய அந்த அளவோடு நின்றுவிடும். ஆல்டர்னேட்டருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். பி.எம்.எஸ். எப்போது துண்டித்தாலும் ஆல்டர்னேட்டரின் முன் ஈய அமில பேட்டரி நின்றுகொண்டிருக்கும். பெரிய ஆல்டர்னேட்டரும் தனி ரெகுலேட்டரும் வைத்திருப்பவர்கள் வேறு வழியில் போகலாம்: துண்டிப்பதற்கு முன்பே ரெகுலேட்டருக்குச் சைகை அனுப்பி ஃபீல்டை நிறுத்தச் சொல்லும் பி.எம்.எஸ். கிடைக்கிறது. உங்கள் படகுக்கு அவ்வளவு தேவையில்லை.

லித்தியத்தையும் ஈய அமில பேட்டரியையும் அந்தப் பழைய சுவிட்சின் போத் நிலையில் சேர்ப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். ஒன்று நிறைந்தும் மற்றது இறங்கியும் இருக்கும்போது இணைத்தால் இடையே பாயும் மின்னோட்டம் பெரிதாக இருக்கும்.


சுக்கான் எழுதியது:

வெளிப்புற மோட்டார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு. அந்த மோட்டார்களில் பலவற்றில் ஃபீல்டு காயிலே கிடையாது. சுழல் சக்கரத்தில் நிலைக்காந்தங்கள் பதித்திருப்பார்கள். காந்தத்தைத் துண்டிக்க முடியாது என்பதால் ஃபீல்டு துண்டிப்பு முனைகள் அங்கே பயன்படா. வேகம் ஏற ஏறச் சுற்றில் எழும் அழுத்தமும் ஏறும். அதைக் கட்டுக்குள் வைப்பதும், வரும் மின்சாரத்தைச் சீராக்குவதும் ரெக்டிஃபையர்-ரெகுலேட்டரும் பேட்டரியும் சேர்ந்து செய்யும் வேலை. பேட்டரியில்லாமலும் ஓடலாம் என்று கையேட்டில் தெளிவாகச் சொல்லியிருக்கும் சில சிறு மோட்டார்களைத் தவிர, மற்றவற்றில் ஓடும்போது பேட்டரியைப் பிரிக்கவே கூடாது. எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் பெரிய மோட்டார் என்றால், சுவிட்சை ஆஃப் செய்த கணத்தில் அது தானும் நின்றுவிடக்கூடும். நெரிசலான துறைமுக வாயிலில் அது நடப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

பெட்ரோல் இன்ஜின் உள்ளவர்களுக்கு இன்னொரு சொல்: பெட்ரோல் ஆவி தங்கக்கூடிய இடத்தில் பொருத்தும் சுவிட்சும் ரிலேயும் தீப்பொறி வெளியே வராதபடி மூடிச் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். வாகனக் கடைச் சரக்கை அங்கே மாட்டாதீர்கள்.

எல்லோரும் ஆஃப் பக்கம் போகாதீர்கள் என்று சொன்னதால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வயர் கருகும் நாற்றமோ புகையோ வந்தால் ஆல்டர்னேட்டரைப் பற்றிக் கவலைப்படாமல் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். முடிந்தால் அதற்கு முன் இன்ஜினை நிறுத்துங்கள். நங்கூரத்தின் டீசலில் அதற்குக் கம்பி இழுப்பானோ நிறுத்தும் சொலினாய்டோ இருக்கும், ஒரு நொடி வேலைதான். முடியாவிட்டால் நேராகச் சுவிட்ச். டையோடுகள் போனால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மெக்கானிக்கல் டீசல் பேட்டரி இல்லாமலும் ஓடிக்கொண்டே இருக்கும், ஆல்டர்னேட்டரும் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால், சுவிட்சோடு நின்றுவிடாமல் இன்ஜினையும் உடனே நிறுத்த வேண்டும். ஆல்டர்னேட்டரைப் பேட்டரியோடு நேராக இணைத்த படகில் அந்த வயர் சுவிட்சுக்குக் கட்டுப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே காவல், பேட்டரி முனையிலுள்ள ஃபியூஸ்தான்.

அப்படி ஒரு துண்டிப்பு நடந்துவிட்டால், மீண்டும் இணைத்து இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்து ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் உடலுக்கும் இடையே பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். எச்சரிக்கை விளக்கு முழுவதும் அணையாமல் மங்கலாக எரிவதும், சார்ஜ் ஆகிறது என்றாலும் முன்பு போல ஏறாததும், ஒன்றும் இயங்காத இரவில் பேட்டரி இறங்குவதும் அதே நோயின் மற்ற அறிகுறிகள்.


நங்கூரம் எழுதியது:

தெளிவாகிவிட்டது. இப்போதைக்குத் திசைமானியின் திட்டப்படி வயரை மாற்றுகிறேன். லித்தியம் வாங்கும்போது மின்கலம் அவர்கள் சொன்னபடி முனையை இடம் மாற்றிக்கொள்கிறேன். அந்த ஃபியூஸ் எவ்வளவு ஆம்பியர் இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 60 ஆம்பியர் ஃபியூஸ் போதுமா?


திசைமானி எழுதியது:

போதாது. 60 போட்டால் நாம் தவிர்க்க நினைத்ததையே நாம் வரவழைத்துக்கொள்வோம். குளிர்ந்த நிலையில் ஆல்டர்னேட்டர் தன் பட்டையில் உள்ள அளவை எட்டி நிற்கும். இன்ஜின் அறையின் சூட்டில் ஃபியூஸ் தன் அளவுக்கு முன்பே களைத்துப்போகும். முழு உற்பத்தியில் ஓடும்போது அது உருகினால், ஆல்டர்னேட்டர் பேட்டரியை இழக்கும் மிக மோசமான நேரம் அதுதான். ஆல்டர்னேட்டரின் உச்ச அளவைப் போல ஒன்றரை மடங்கு வைத்து, 90 அல்லது 100 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். அந்த ஃபியூஸ் காக்கக்கூடிய அளவுக்கு வயரின் தாங்கும் திறனும் இருக்க வேண்டும். இந்த ஃபியூஸ் ஆல்டர்னேட்டருக்காக அன்று, வயர் எங்காவது உரசி உடலைத் தொட்டுவிட்டால் பேட்டரியிலிருந்து பாயும் மின்னோட்டத்துக்காக. ஆகவே அது பேட்டரி முனையில்தான் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் முனையில் வைத்துப் பயனில்லை. அமெரிக்கப் படகு, யாட் கவுன்சிலின் ஈ-11 தரநிலை பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 178 மில்லிமீட்டருக்குள், என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. அந்தத் தூரத்தை வயரின் நீளத்தில் அளக்க வேண்டும். திருகி மாட்டும் வகை ஃபியூஸாக வாங்குங்கள். செருகும் வகைகள் அதிர்வில் தளர்ந்து, தொடுமுனை சூடாகி, உருகாமலேயே துண்டித்துவிடும்.